பட்டம் இல்லாதவரின் பணிக் கணக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் ஏறுபவர் இலக்கியம் பேசுதல் மரபு. சென்ற ஆண்டு இதே மேடையில் சிலப்பதிகாரத்தைப் பற்றி அரியதொரு சொற்பொழிவு கேட்டோம். சற்று முன்னர் நம் சிறுவர் சிறுமியர் குறட்பாக்களை ஒப்புவித்த அழகையும் கண்டு மகிழ்ந்தோம். அத்தகைய மேடையில், வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதைப் பற்றிப் பேச இவன் வந்திருக்கிறானே என்று சிலர்க்கு வியப்புத் தோன்றலாம். ஆயினும், நாம் வயிற்றுப்பாட்டிற்காகவே ஊரை விட்டு வந்தவர்கள். முதலில் வேலை நிலைத்தது. பின்னரே சங்கம் தோன்றிற்று. சங்கம் தோன்றிய பின்னரே இம்மேடை தோன்றிற்று. ஆதலின், மேடைக்கு அடிக்கல்லாகிய வேலையைப் பற்றி ஒருநாள் பேசுதல் தகாததன்று என்பது என் துணிபு.

கல்லூரிப் பட்டம் பெறாத ஒருவர், பலரை வழிநடத்தும் பொறுப்புள்ள பதவிக்கு விண்ணப்பிக்கும்போது, தம்மைப் பற்றிய குறிப்பை எவ்வாறு எழுத வேண்டும்? இதுவே என் பொருள். பெரியவர்கள் பயோடேட்டா என்றும், பிள்ளைகள் ரெஸ்யூமே என்றும் வழங்கும் அதனை இன்று நான் தன்குறிப்பு என்று குறிப்பேன்.

இந்தப் பிலாய் நகரின் வரலாற்றைச் சற்றே நினைத்துப் பாருங்கள். 1955-ஆம் ஆண்டில் சோவியத் நாட்டுடன் உடன்பாடு கையெழுத்தாயிற்று. 1959-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அவர்கள் முதல் ஊதுலையைத் தொடங்கி வைத்தார்கள். நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வந்து இங்குக் குடியேறினர். அவ்வாறு வந்த நம்மவருள் பலர் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவர்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு தொழில் கற்றுக்கொண்டு ரயில் ஏறியவர்கள். ஆள்களை நடத்தும் கலையை எந்தக் கல்லூரியும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. அனலின் முன் நின்று, இந்தியும் சத்தீசுகரியும் பேசும் தோழர்களோடு பழகி, அவர்கள் தாமே கற்றுக்கொண்டார்கள்.

இன்று காலம் மாறியிருக்கிறது. நிலையான வேலை அருகி, ஒப்பந்த வேலை மிகுந்துள்ளது. இருபதாண்டுகள் ஓரிடத்தில் பலரை நடத்தியவர், ஒப்பந்தம் முடிந்ததும் நாற்பத்திரண்டாம் வயதில் வெளியே வந்து, வேறு ஆலையில் ஷிப்டுப் பொறுப்பாளர் வேலைக்கு விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கிறது. அவரிடம் இருபதாண்டுத் தலைமை இருக்கிறது. அவர் நீட்டும் தாளிலோ அஃது இல்லை. இந்த இடைவெளியால் வருந்தும் குடும்பங்கள் நம் குடியிருப்பிலேயே உண்டு. அதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

என் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளி இறுதி வகுப்புத் தேறி, ஃபிட்டர் தொழில் பயின்று, 1978-இல் இவ்வூர் வந்தவன். தனியார் தொழிற்கூடம் ஒன்றில் சேர்ந்து பதினான்கு ஆண்டுகள் உழைத்தேன். 1992-இல் வேறொரு தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. விண்ணப்பம் எழுதினேன். அதில் இருந்தவை என் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், பள்ளி இறுதித் தேர்வில் பெற்ற மதிப்பெண், தொழிற்பயிற்சிச் சான்றிதழ், இறுதியில் ‘கடுமையாக உழைப்பேன்’ என்னும் ஓர் உறுதிமொழி, அவ்வளவே. நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை.

எங்கள் வரிசையில், கடைசிக் குவார்ட்டர்ஸில், தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார், தஞ்சை மாவட்டத்துக்காரர். இரண்டு மாதங்கள் கழித்து மீண்டும் ஒரு விளம்பரம் வந்தபோது, என் விண்ணப்பத்தை அவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பின்பு கேட்டார்:

“உனக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், தம்பி?”

“பதினெட்டுப் பேர், ஐயா.”

“அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது யார்?”

“நான்தான், ஐயா.”

“இந்தப் பதினான்கு ஆண்டில் நீ மாற்றியமைத்தது ஏதேனும் உண்டா?”

சற்று யோசித்துச் சொன்னேன். கிரேனின் கியர் பெட்டியைக் கழற்றிப் பழுது நீக்கி மாட்ட முன்பெல்லாம் மூன்று நாள் ஆகும். வேண்டிய உதிரிப் பொருள்களை முன்னதாகவே எடுத்து வைத்து, ஆள்களை இரு குழுவாகப் பிரித்து, அதனை ஒன்றரை நாளில் முடிக்கும்படி செய்திருந்தேன்.

“இதில் ஒன்றைக்கூட நீ எழுதவில்லையே!”

“நானே எழுதினால் அது தற்பெருமை ஆகாதா, ஐயா?”

பெரியவர் சிரித்தார். “மளிகைக் கடைக்காரர் மாதக் கடைசியில் கணக்குச் சீட்டை நீட்டுகிறார். இத்தனை படி அரிசி, இத்தனை சேர் பருப்பு என்று எழுதியிருக்கிறார். அதைத் தற்பெருமை என்றா சொல்கிறாய்? நீ கொடுத்த சரக்குக்கு நீ கணக்கு எழுது, தம்பி. உன்னைப் புகழ்ந்து ஒரு சொல்லும் எழுதாதே.”

அவைக்கண் உள்ள பெரியோர்களே, நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் அப்பெரியவர் சொன்ன அந்தச் சொல்லிலேயே அடங்கியுள்ளது. தற்புகழ்ச்சி வேறு, கணக்கு ஒப்புவித்தல் வேறு. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பண்பு நல்லதே. ஆனால், அந்தப் பண்பின் பெயரால் நாம் கணக்கையும் மறைத்துவிடுகிறோம். ‘நான் சிறந்த தலைவன், ஆற்றல் மிக்கவன்’ என்று எழுதுவது புகழ்ச்சி. ‘18 பேருக்கு வேலை பகிர்ந்தளித்தேன், மூன்று நாள் வேலையை ஒன்றரை நாளாக்கினேன்’ என்பது கணக்கு. முன்னதைப் படிப்பவர் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. பின்னதை அவர் விசாரித்து அறியலாம். அறிந்தபின் மறுக்க இயலாது.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. ஒருவரை ஆராய்ந்து தேர்ந்தெடுப்பதற்குத் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமும், தேர்ந்தவரை வேலையில் அமர்த்துவதற்குத் தெரிந்து வினையாடல் என ஓர் அதிகாரமும் வகுத்தவர் திருவள்ளுவர். மனிதரின் உயர்வையும் தாழ்வையும் உரைத்துக் காட்டும் கல் அவரவர் செயலே என்பது அவர் முடிபு. தன்குறிப்பு என்பது அந்த உரைகல்லைப் பிறர் கையில் கொடுப்பதேயாகும்.

பட்டம் இல்லாதவர்க்கு ஆறுதல் சொல்ல விரும்புவோர் இரு பெயர்களைத் தவறாது எடுத்துரைப்பர். ஒருவர் பெருந்தலைவர் காமராசர். பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே விட்டவர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராய் இருந்து ஊர்தோறும் பள்ளி கண்டவர். மற்றவர் கோவை ஜி. டி. நாயுடு, 1920-இல் ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டித் தொடங்கியவர், பின்னாளில் பெருந்தொழில் கண்டவர். இருவரும் நம் வணக்கத்திற்குரியவர்கள். ஆனால், ஒன்றைக் கருதுங்கள். இவ்விருவரும் வேலைக்கு விண்ணப்பம் எழுதியவர்கள் அல்லர். ஒருவர்க்கு மக்கள் பொறுப்பளித்தார்கள்; மற்றவர் தமக்குத் தாமே தொழில் அமைத்துக்கொண்டார். முன்பின் அறியாத ஓர் அதிகாரியின் மேசைக்குத் தாள் அனுப்ப வேண்டிய நமக்கு அவர்கள் வாழ்க்கை ஊக்கம் தரும், வழிகாட்டாது.

வழிகாட்டுபவர் வேறொருவர் இருக்கிறார். அவர் கணித மேதை இராமானுசன். கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரியில் சேர்ந்தும், கணிதமன்றிப் பிற பாடங்களில் மனம் பொருந்தாமையால் தேர்வில் தவறியவர், பட்டம் பெறாதவர். 1912-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் சென்னைத் துறைமுக அலுவலகத்திற்கு எழுத்தர் வேலை வேண்டி விண்ணப்பித்தார். எதுவரை படித்தார் என்பதை ஒளிக்கவில்லை. படிப்பைத் தொடர இயலாமற் போனதையும், கணிதத்தில் ஈடுபட்டிருப்பதையும் எழுதினார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ஒருவரின் பரிந்துரையையும் உடன் வைத்தார். வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டு, 1913 சனவரி 16-ஆம் நாளிட்டுக் கேம்பிரிட்சில் இருந்த பேராசிரியர் ஆர்டிக்கு ஒரு மடல் எழுதினார். தாம் ஆண்டுக்கு இருபது பவுன் ஊதியம் பெறும் எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி தமக்கு இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே தெரிவித்தார். அதற்காக வருந்தியோ, மன்னிப்புக் கோரியோ பக்கத்தை நிரப்பவில்லை. உடனே தாம் கண்ட முடிவுகளைத் தாள் தாளாக இணைத்தார். ஆர்டி அந்தத் தாள்களைப் படித்தார். 1914-இல் இராமானுசன் கேம்பிரிட்சு சேர்ந்தார். 1916-இல் ஆராய்ச்சிக்காகப் பட்டம் அவரைத் தேடி வந்தது. 1918-இல் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

அவர் மேதை, நாம் எளியவர்கள். ஆயினும், அம்மடல்களின் முறை எளியவர்க்கும் உரியது. இல்லாததை ஒரே வரியில் உண்மையாகச் சொல்லுதல். செய்ததை விரிவாக எடுத்துக்காட்டுதல். அறிந்தவர் ஒருவரின் சான்றை உடன் வைத்தல். இம்மூன்றே முறை.

இனி, எழுதும் வகையைக் கூறுவேன். தாளும் பேனாவும் எடுத்து, முதலில் ஐந்து வினாக்களுக்கு விடை எழுதுங்கள். ஒன்று: என் பொறுப்பில் எத்தனை பேர் இருந்தனர்? இரண்டு: எவ்வளவு பொருள், எவ்வளவு பணம், எத்தனை பொறிகள் என் கையில் இருந்தன? மூன்று: பிறரைக் கேளாமல் நானே முடிவு செய்ய வேண்டியவை எவை? நான்கு: எதிர்பாராத இடர் நேர்ந்தபோது நான் என்ன செய்தேன்? ஐந்து: நான் வருமுன் எப்படி இருந்தது, நான் வந்தபின் எப்படி ஆயிற்று, அதற்கு யார் சான்று?

இவ்விடைகளைத் தமிழிலேயே எழுதுங்கள். இதனை மொழிப்பற்றினால் மட்டும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கினால், நமக்குத் தெரிந்த நான்கு தேய்ந்த தொடர்களை எழுதிவிட்டு நின்றுவிடுகிறோம். தமிழில் எழுதினால் நடந்தது நடந்தபடி வரும். பின்னர், ஆங்கிலம் நன்கறிந்த மகனையோ மகளையோ பக்கத்தில் அமர்த்திக்கொண்டு மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.

விடைகள் கிடைத்தபின் வரிசை எளிது. முதலில் பெயரும், தொலைபேசி எண்ணும், விரும்பும் பதவியும். அடுத்து மூன்றே வரிகளில் சுருக்கம்: எத்தனை ஆண்டு, எவ்வகைத் தொழில், எத்தனை பேரை நடத்தினீர் என்பது. அதன் பின்னர்ப் பணி வரலாறு; இப்போதைய வேலை முதலில், பழைய வேலை பின்னர். ஒவ்வொரு வேலைக்கும் நான்கைந்து கணக்கு வரிகள். அடுத்துப் பயிற்சிகள், உரிமங்கள், தகுதிச் சான்றுகள். கல்வி இறுதியில் வரட்டும். பட்டம் பெற்ற இளைஞர் கல்வியை முதலில் எழுதுவர். அவர்க்கு அதுவே பெருஞ்செல்வம். நமக்குச் செல்வம் பணியில் இருக்கிறது; அதனை முன்னே வைத்தல் ஏமாற்றன்று. எல்லாம் இரண்டு பக்கத்திற்குள் அடங்க வேண்டும்.

சொற்களிலும் கருத்து வேண்டும். ‘உற்பத்திப் பிரிவில் மேற்பார்வைப் பணி’ என்று எழுதுவர் சிலர். இதனால் படிப்பவர் அறிவது ஒன்றுமில்லை. அதனையே, ‘மூன்று ஷிப்டுகளில் 42 தொழிலாளர்க்கு வேலை ஒதுக்கினேன், புதிதாய்ச் சேர்ந்த 15 பேரைப் பயிற்றினேன், அவர்களுள் மூவர் இன்று குழுத் தலைவர்கள்’ என்று எழுதிப் பாருங்கள். தலைமைக்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை; பிறரைத் தலைவராக்கியவர் தலைவர் அன்றோ? இன்னொன்று. நம்மவர் ‘செய்தோம்’ என்று பன்மையில் எழுதும் பழக்கமுடையவர். பலர் செய்ததைத் தாம் ஒருவரே செய்ததாக எழுதுதல் பிழை. ஆனால், தாம் செய்ததையும் பன்மையில் மறைத்துவிட்டால், தேர்வு செய்பவர் யாரை அழைப்பார்? குழு செய்தது இது, அதில் என் பங்கு இது என்று பிரித்து எழுதுக.

ஊதியம் பெறாத பணியையும் விடவேண்டா. தாய்மார்களுக்கு இதனைச் சிறப்பாகச் சொல்வேன். மகளிர் சுயஉதவிக் குழுவில் ஆண்டுக்கணக்காக வரவு செலவு எழுதியவர், குழந்தைகள் காப்பகத்தை நடத்தியவர், இந்த ஆண்டு விழாவில் பந்தி பரிமாறுவதை ஒழுங்கு செய்தவர் ஆகியோர் ‘நான் வீட்டிலிருப்பவள்தானே’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அறுநூறு பேருக்கு உணவுத் திட்டம் வகுத்து, இருபத்தைந்து தொண்டர்களைப் பணியில் ஏவி, நன்கொடைப் பணத்திற்கு ஒரு காசும் பிசகாமல் கணக்குக் காட்டுபவர் செய்வது ஆட்சிப் பணியே. ஒரு விடுதிக்கோ உணவுக்கூடத்திற்கோ பொறுப்பாளர் வேண்டும் என்று விளம்பரம் வருமாயின், அக்கணக்கை எழுதத் தயங்கவேண்டா.

இக்காலத்துப் புதுமை ஒன்றையும் கூறவேண்டும். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் வரும் விண்ணப்பங்களை முதலில் கணிப்பொறியே சலிக்கிறது. விளம்பரத்தில் உள்ள சொற்கள் தன்குறிப்பில் உள்ளனவா என்று அது தேடுகிறது. ஆகவே, விளம்பரத்தைப் பலமுறை படித்து, அதில் உள்ள சொல்லாலேயே உங்கள் பணியைக் குறிப்பிடுங்கள். செய்த பணியை மட்டுமே குறிப்பிடுங்கள். படங்களும், பல வண்ணங்களும், கட்டங்களும் வேண்டா. அவற்றுள் உள்ள எழுத்தைக் கணிப்பொறி சில வேளை படிக்கத் தவறும்.

அன்பர்களே! இனி நான் சொல்லப் போவது மகிழ்ச்சியான செய்தி அன்று. ஆயினும், இதனைச் சொல்லாது போவேனாயின் இன்று நான் பேசியதில் பயனில்லை.

அந்தப் பெரியவர் சொற்படி நான் எழுதிய விண்ணப்பத்திற்கு அழைப்பு வந்தது. நேர்காணலில் பட்டம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பின்பு அரைமணி நேரம் கியர் பெட்டியைப் பற்றியே பேசினார்கள். நான் கேட்ட பதவி கிடைக்கவில்லை; அதற்கு ஒரு படி கீழான பதவி கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில் மேலே வந்தேன். பிற்காலத்தில் நானே ஆள்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அமர்ந்தேன்.

அப்போது நம் மொழி பேசும் ஒருவர் எங்களிடம் சேர்ந்தார். ஊரும் பேரும் சொல்லேன். வேலையில் அவருக்கு நிகர் எவரும் இல்லை. கொதிக்கும் இரும்பின் அருகில் ஆள்கள் பதறும்போது, குரல் உயர்த்தாமல் நிறுத்தி நடத்துவார். ஏழு ஆண்டுகள் கழித்துப் பதவி உயர்வுக்காகச் சான்றிதழ்களைச் சரிபார்த்தபோது, அவர் காட்டிய பட்டம் விலைக்கு வாங்கியது என்று தெரியவந்தது. அவரை நீக்கும் தாளில் கையெழுத்திட்டவர்களுள் நானும் ஒருவன். அவர் சேர்ந்த நாளைய விளம்பரத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்தப் பதவிக்குப் பட்டம் கட்டாயம் என்று அதில் இல்லவே இல்லை. பட்டம் இருந்தால் விரும்பத்தக்கது என்றுதான் இருந்தது. தம் கணக்கை மட்டும் எழுதியிருந்தாலே அவரை நாங்கள் எடுத்துக்கொண்டிருப்போம். அன்று மாலை அவர் என்னிடம் கேட்டார்: “அண்ணே, இது வேண்டியதில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே!” அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அவர்க்குச் சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

போலிச் சான்றிதழைக் காட்டுதல் குற்றம்; எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் அது வேலையைக் கொண்டுபோய்விடும். டிஜிலாக்கர் போன்ற ஏற்பாடுகள் வந்துவிட்ட இந்நாளில் உண்மையைச் சரிபார்த்தல் மிக எளிது. அவ்வாறே, பட்டப்படிப்பில் சேர்ந்து இடையில் விட்டவர், முடித்தது போலத் தோன்ற எழுதுதலும் தவறே. ‘இத்தனை ஆண்டு பயின்றேன், நிறைவு செய்யவில்லை’ என்று எழுதினால் குறைவொன்றும் இல்லை.

விளம்பரத்தைப் படிக்கும் முறையும் இதனால் விளங்கும். இன்றியமையாத தகுதி எது, விரும்பத்தக்க தகுதி எது என்று பிரித்துப் பாருங்கள். ‘பட்டம் அல்லது அதற்கு நிகரான அனுபவம்’ என்று இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். அரசுப் பணிகளில் பட்டம் இன்றியமையாதது என்று விதி இருக்குமாயின், எத்துணைச் சிறந்த தன்குறிப்பும் அவ்விதியை மாற்றாது. அங்கே காலத்தை வீணாக்கவேண்டா.

பட்டமே வேண்டும் என்பார்க்கும் நேர்வழி அடைபடவில்லை. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் எழுதலாம். 1985-இல் தோன்றிய இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெறலாம். கைத்தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்க்கு, அறிந்த திறனைச் சோதித்துச் சான்று வழங்கும் முறை 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. மின்துறையில் மேற்பார்வையாளர் உரிமம் உண்டு. தல்லி ராஜரா போன்ற சுரங்கங்களில் வேலை செய்வோர்க்குத் தேர்வெழுதிப் பெறும் தகுதிச் சான்றுகள் உண்டு. இவை பொறுப்பை ஒப்படைக்கச் சட்டமே கேட்கும் சான்றுகள். தன்குறிப்பில் இவற்றைத் தெளிவாகக் காட்டவேண்டும்.

முடிக்கும் முன் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், நம் நூலக அறையில் இரண்டு மேசைகளைப் போடுவோம். ஓய்வு பெற்ற பெரியவர்கள் அந்த ஐந்து வினாக்களைக் கேட்கட்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் விடைகளை ஆங்கிலத்தில் எழுதட்டும். தந்தை இத்தனை ஆண்டு என்ன செய்தார் என்பதை அப்போதுதான் சில பிள்ளைகள் முதன்முறையாக அறிவார்கள். பலரோடு பணியாற்றி ஓய்வு பெற்றவர்களே, உங்களிடம் வேலை கற்றவர் சான்று கேட்டு வந்தால், பொதுவாக ‘நல்லவர், வல்லவர்’ என்று எழுதி அனுப்பாதீர்கள். நீங்கள் கண்ணால் கண்டதை ஆண்டும் செயலும் குறித்து எழுதிக் கொடுங்கள்.

எனக்கு அன்று ஒரு பெரியவர் கிடைத்தார், நான் தப்பினேன். என் நண்பர்க்கு எவரும் கிடைக்கவில்லை. இனி இக்குடியிருப்பில் அப்படி ஒருவர் இல்லாதபடி செய்வது நம் கையில் இருக்கிறது. முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் வருகிறேன்; என் பழைய விண்ணப்பங்கள் இரண்டையும் கொண்டுவருகிறேன். அழைப்பு வராததை முதலில் காட்டுவேன்.